அந்தப் படத்தில் புகைப்போக்கி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், வேனை வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றும் ஒரு குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. படுக்கை, சமையல் மேடை, மடக்கு மேசை என்று ஒவ்வொன்றுக்கும் படம். கடைசிப் படம் குளியலறை. "மலை உச்சியிலும் குழாயைத் திறந்தால் சுடச்சுட வெந்நீர்" என்று அடியில் ஒரு வரி. அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பிறகு பேரனிடம் கொடுத்து கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். சுவரில் வெள்ளை நிறத்தில் வீட்டு கேஸ் கீசர் ஒன்று மாட்டியிருக்கிறது. மூன்றடிக்கு மூன்றடி அறை. கீசருக்கு மேலே குழாய் இல்லை, சுவரில் ஓட்டை இல்லை, ஜன்னலும் மூடியிருக்கிறது. அப்படியானால் அந்தப் புகை எங்கே போகிறது?

இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 61 வயது. காவேரிப்பட்டினத்தில் லாரி, வேன் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கேரவன் என்றால் எங்கள் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது சினிமாக்காரர்கள் மேக்கப் போடும் வண்டிதான். கடந்த சில ஆண்டுகளாகத்தான் ஓசூர், பெங்களூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் டெம்போ டிராவலரை ஓட்டிக்கொண்டு வந்து, "அண்ணா, உள்ளே வீடு மாதிரி பண்ணித் தரணும்" என்கிறார்கள். கட்டில் கேட்டால் தருவேன், அலமாரி கேட்டால் தருவேன். குளிக்க வெந்நீர் வேண்டும் என்றால் மட்டும், "உட்காருப்பா, டீ சாப்பிடு" என்று பேச்சை ஆரம்பிப்பேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எங்கள் பக்கம் முதன்முதலாக வேனில் கேஸ் கீசர் மாட்டியவன் நான்தான். அதுவும் என் சொந்த வண்டியில். கடையில் வாங்கிய சாதாரணக் கீசர், நிமிஷத்துக்கு 6 லிட்டர், பொறி வைக்க டார்ச் லைட்டுக்குப் போடுகிற பெரிய செல் இரண்டு. பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. அப்புறம் என்ன என்று நினைத்தேன். அந்த மார்கழியில் குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். தொப்பூர் கணவாயில் மெதுவாக இறங்கி, சேலம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, இரவு ஒரு காப்பித் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்தினோம். காலையில் பனி. முதலில் நான் குளித்தேன். அடுத்து மைத்துனர். தலை லேசாகக் கனத்தது; மலை ஏறி வந்த அலுப்பு என்று விட்டுவிட்டேன். மூன்றாவதாக என் மனைவி போனார். குளிர் வருகிறது என்று மேலே இருந்த சின்ன ஜன்னலையும் சாத்திக்கொண்டார்.

"ஏங்க, ஒரு மாதிரியா வருது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் டீ ஆற்றிக்கொண்டு, "சீக்கிரம் ஊத்திக்கிட்டு வா" என்றேன். அடுத்து வாளி உருளும் சத்தம். பேச்சு இல்லை. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி போட்டிருந்தேன், அது ஒன்றுதான் நான் அன்று சரியாகச் செய்திருந்த வேலை. மைத்துனர் ஒரே இழுப்பில் தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டார். வெளியே தூக்கி வந்து பனியில் கிடத்தியதும் முகத்தில் தண்ணீர் தெளித்தோம், மலைக்குக் கீழே மருத்துவமனைக்கு ஓட்டினோம், ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு நாளில் எழுந்துவிட்டார். தலைவலி மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

டாக்டர் "கேஸ்" என்றபோது நான் நம்பவில்லை. "வாடையே வரலையே சார்" என்றேன். அங்கேதான் என் அறிவு எவ்வளவு என்பது தெரிந்தது. சிலிண்டரிலிருந்து கசியும் கேஸுக்கு வாடை உண்டு. மெர்காப்டன் என்ற ஒன்றைக் கலந்து வேண்டுமென்றே நாறவைக்கிறார்கள், நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்று. என் மனைவியைச் சாய்த்தது அது இல்லை. காற்று போதாமல் அரைகுறையாக எரியும் கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாடை கிடையாது, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அதற்கப்புறம் மயக்கம். மயங்கியவர் குழாயை மூட மாட்டார், கீசர் எரிந்துகொண்டே இருக்கும்.

ஊருக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பட்டறைக்காரன் கணக்குதான். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரி கூடச் சூடாக்க 375 கிலோ கலோரி வேண்டும். கீசரில் வீணாவது போக, அதற்குச் சுமார் 40 கிராம் கேஸ். அந்த 40 கிராம் முழுதாக எரிய அரை கன மீட்டர் காற்று வேண்டும். என் வேன் குளியலறை மூன்றடிக்கு மூன்றடி, உயரம் ஆறரை அடி. மொத்தக் காற்றே ஒன்றே முக்கால் கன மீட்டர் தேறாது. ஆக, ஒரு வாளிக்கு அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கு. நான் ஒரு வாளி, மைத்துனர் ஒரு வாளி, என் மனைவி மூன்றாவது. சந்து பொந்து வழியாகக் கொஞ்சம் காற்று வந்திருக்கும், அதனால்தான் பிழைத்தார். இதை எழுதிய தாளை இன்னும் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

வீட்டுக் குளியலறைக்கும் இதே கதைதான், அங்கே அறை கொஞ்சம் பெரிது, அவ்வளவே. குளிர்காலத்தில் அப்படி வீட்டுக் குளியலறையில் விழுந்தவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையிலேயே செய்தி படித்திருக்கிறேன். வேனில் அறையும் சிறிது, கதவு ஜன்னலுக்கெல்லாம் ரப்பர் போட்டு இறுக்கமாக அடைத்தும் விடுகிறோம். தூசி வரக்கூடாது என்று நாங்களே செய்கிற வேலை அது.

அதற்குப் பிறகு கீசரைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டேன். வெந்நீர் கேட்டவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன். அப்படி இருக்கும்போது ஓசூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். அமெரிக்காவில் சில காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே ஆர்.வி. என்று சொல்கிற வீட்டு வண்டியில் குடும்பத்தோடு சுற்றியிருக்கிறார். கப்பலில் வந்த சாமானோடு ஒரு பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். தொட்டி இல்லாத வாட்டர் ஹீட்டர், புரொபேன் என்ற கேஸில் எரிவது, சூட்டுத் திறன் மணிக்கு 42,000 பி.டி.யூ. "அண்ணா, இதை என் டெம்போவில் வெச்சுத் தரணும்" என்றார். நான் ஏற்காட்டுக் கதையைச் சொன்னேன். அவர் பெட்டியைப் பிரித்து, "அதுக்குத்தாண்ணா இது" என்று காட்டினார்.

அந்த மிஷினைப் பார்த்தபோது ஒரு பட்டறைக்காரனாக எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. நெருப்பு எரியும் அறை முழுக்க மூடிய தகரப் பெட்டி. வண்டியின் பக்கவாட்டில் ஒரு சதுரம் வெட்டி அதற்குள் தள்ளிவிட வேண்டும். வெளிப்பக்கம் ஒரு கதவு. எரியத் தேவையான காற்றை அந்தக் கதவு வழியாக வெளியிலிருந்து இழுக்கிறது, எரிந்த புகையையும் அதே கதவு வழியாக வெளியே தள்ளுகிறது. அதற்கு 12 வோல்ட் சின்ன விசிறி. வண்டிக்குள் இருக்கிற காற்றை அது தொடுவதே இல்லை. உள்ளே வருவது தண்ணீர்க் குழாய்களும் கேஸ் குழாயும் இரண்டு ஒயரும் மட்டும். அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 1192 என்று ஒரு தரவிதி இருக்கிறதாம். வீட்டு வண்டியில் சமையல் அடுப்பைத் தவிர நெருப்பு எரியும் எந்தச் சாமானும் உட்காற்றோடு சேரக்கூடாது என்று அதில் இருப்பதைத் தம்பி படித்துக் காட்டினார். கார்பன் மோனாக்சைடு அலாரமும் கேஸ் அலாரமும் அதில் கட்டாயம்.

நம் ஊர்க் கீசர்களுக்கும் ஐ.எஸ். 15558 என்று தரவிதி உண்டு. ஆனால் அது வீட்டில் மாட்டுவதற்கு. வேனில் மாட்டச் சொல்லி யாரும் முத்திரை குத்தித் தரவில்லை. நான்தான் முத்திரையைப் பார்த்தேன், எதற்கு முத்திரை என்று பார்க்கவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். பாடி கட்டுகிறவர்கள் படித்தால் உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

சதுரம் வெட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் வெட்டுகிற இடம் ஜன்னலுக்குக் கீழே இருக்கக் கூடாது, ஏறும் கதவுக்குப் பக்கத்தில் கூடாது, டீசல் மூடிக்கு அருகில் கூடவே கூடாது. புகை வெளியே போய் ஜன்னல் வழியாகத் திரும்பி வந்தால் பழைய கதைதான். டெம்போவில் இதற்குத் தோதான இடம் பின்சக்கரத்துக்குப் பின்னால், ஓட்டுநர் பக்கம். பாடித் தூணை வெட்டாமல் இரண்டு தூணுக்கு நடுவில் வெட்டி, சுற்றிலும் ஸ்கொயர் பைப் சட்டம் வெல்டு வைத்து, அதில் மிஷினை உட்காரவைத்தேன். ஓரத்துக்குப் பசை டேப், ரிவிட், மேலே சிலிகான். மழைத் தண்ணீர் உள்ளே போனால் மிஷினுக்கு ஆபத்து இல்லை, ஒட்டுப்பலகைக்குத்தான் ஆபத்து.

மரை விஷயத்தில் ஏமாந்தேன். தண்ணீர்க் குழாய் மரை அரை அங்குலம். அமெரிக்க மரைக்கும் நம் மரைக்கும் அரை அங்குலத்தில் ஒரே கணக்கு, அங்குலத்துக்கு 14 சுற்று. அதனால் நம் நிப்பிள், அதாவது இரு முனையிலும் மரை போட்ட குட்டைக் குழாய், ஜோராக உள்ளே போகிறது. மரையின் கோணம்தான் வேறு: அவர்களுக்கு 60 டிகிரி, நமக்கு 55. மூன்று சுற்றில் இறுகிக்கொள்கிறது, டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் சொட்டுகிறது. பையன் ஸ்பேனரைப் போட்டு மேலும் இறுக்கப் பார்த்தான், நல்லவேளை பிடுங்கிவிட்டேன். தண்ணீர்ப் பக்கத்துக்கு லேத்தில் அவர்கள் கணக்கில் நிப்பிள் கடைந்தோம். கேஸ் பக்கத்தில் அப்படிக் கடைந்து விளையாடவே கூடாது. மிஷினோடு வந்த பித்தளை முனையையே வைத்து, செப்புக் குழாய் முனையை மலர்த்தி, ஃபிளேர் நட் போட்டு முடித்தோம்.

தொப்பூர் இறக்கத்தில் ஒரு முறை ஓட்டிவிட்டு வந்து எல்லா இணைப்புக்கும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு நட்டில் குமிழ் வந்தது. பட்டறையில் நிற்கும்போது வராத குமிழ். வேகத்தடையும் குழியும் வீட்டுக் கீசருக்குக் கிடையாது. அதனால் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பிறகும் சோப்புத் தண்ணீர் என்று தம்பியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும், இதில் பேச்சே இல்லை.

அடுத்து எரிபொருள். இங்கேதான் நான் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த மிஷின் புரொபேனுக்கு என்றே செய்தது. நம் சிலிண்டரில் இருப்பது தனிப் புரொபேன் இல்லை. புரொபேனும் பியூட்டேனும் கலந்தது. "எல்லாம் ஒரே கேஸ்தானே" என்று தம்பியும் சொன்னார், நானும் தலையாட்டினேன். மாட்டினோம், எரிந்தது, வெந்நீர் வந்தது, இனிப்பு வாங்கிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து வண்டி திரும்பி வந்தது. வெள்ளைப் பெயின்ட்டில் புகை வாய்க்கு மேலே ஒரு கரி மீசை.

கரி படிந்தால் அரைகுறையாக எரிகிறது என்று அர்த்தம். அரைகுறையாக எரிந்தால் என்ன வரும் என்பதை ஏற்காட்டில் படித்தவன் நான். அன்றைக்கே கேஸை மூடினேன். கேஸ் அடுப்பு வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் சேலத்தில் எனக்குத் தெரியும், அவரை வரவழைத்தேன். ஒரு பலகை கேட்டார். கண்ணாடி மாதிரி தெரியும் டியூப்பை அதில் ப வடிவில் கட்டி, குங்குமம் கரைத்த தண்ணீரைப் பாதி ஊற்றி, பக்கத்தில் தையற்கார அளவு டேப்பை ஒட்டினார். டியூப்பின் ஒரு முனையை கேஸ் குழாயோடு சேர்த்தால், ஒரு பக்கம் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். மிஷின் கேட்பது 11 அங்குலம், அதாவது 28 செ.மீ. நம் ரெகுலேட்டர் தருவது 30 மில்லிபார், குங்குமத் தண்ணீரில் 30 செ.மீ. சற்று மேலே.

"இரண்டு செ.மீ. தானே?" என்றேன். "அழுத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதாங்க, சரக்குதான் வேற" என்றார் அவர். ஒரே கன அளவு புரொபேனைவிட பியூட்டேனில் சூடு கிட்டத்தட்ட 30 சதம் அதிகம். அதே ஊசித் துளையில் அதே அழுத்தத்தில் விட்டால் தேவைக்கு மேல் எரிபொருள் போகிறது, விசிறி இழுக்கும் காற்று போதவில்லை. ஐரோப்பாவில் இதற்காகவே ஒரே அடுப்புக்கு பியூட்டேன் என்றால் 30 மில்லிபார் அளவிலும் புரொபேன் என்றால் 37-லும் விடுவார்களாம். நமக்குத் தலைகீழ்ப் பிரச்சினை: புரொபேன் மிஷினுக்கு பியூட்டேன் கலந்த சரக்கு, அதுவும் கூடுதல் அழுத்தத்தில். திருகி அளவு மாற்றுகிற ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டு, குங்குமத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். 23 செ.மீ.-ல் வந்து நிறுத்தினார். புகை வாயைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டினோம், கரி இல்லை. கார்பன் மோனாக்சைடு காட்டும் கருவியை வண்டிக்குள் குளியலறை, படுக்கை என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தோம், பூஜ்யம்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் ரெகுலேட்டரைத் திருகப் போகாதீர்கள். எனக்கே அந்தத் தைரியம் கிடையாது, பக்கத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி.

சிலிண்டருக்கு வருவோம். வீட்டுச் சிவப்புச் சிலிண்டரை, 14.2 கிலோ, வண்டியில் வைக்கச் சட்டப்படியே இடமில்லை. வீட்டு உபயோகச் சிலிண்டர் வீட்டுக்கு மட்டும்தான். கடையில் தனியாக விற்கும் 5 கிலோ சிலிண்டர் வாங்கினோம். அதற்குத் தனி அறை, கதவு வெளியே மட்டும், வண்டியின் உட்பக்கத்தோடு எந்தச் சந்தும் இல்லாமல் தகரம் அடித்து மூடியது. அறையின் தரையில் கை நுழையும் அளவு ஓட்டை. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் இறங்கும்; இறங்கி ரோட்டுக்குப் போகட்டும். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், படுக்கவைத்தால் கேஸுக்குப் பதில் திரவமே குழாயில் வரும்.

5 கிலோவில் ஒரு சங்கடம் உண்டு. இந்த மிஷின் முழு வேகத்தில் மணிக்கு ஒரு கிலோ அளவுக்குத் தின்னும். உள்ளே திரவம் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையே எடுத்துக்கொள்கிறது. சின்னச் சிலிண்டர், குளிர் காலை என்றால் மூன்றாவது ஆள் குளிக்கும்போது அடிப்பாகம் வியர்த்து ஐஸ் பெட்டி மாதிரி ஆகிவிடும். பியூட்டேன் பூஜ்யம் டிகிரி பக்கத்தில் வந்தாலே ஆவியாக மறுக்கிற சரக்கு. நெருப்பு சோர்ந்து தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். டீக்கடையிலும் கல்யாணச் சமையலிலும் இதற்காகச் சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் இறக்கிவைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வேனில் அந்த வித்தையெல்லாம் வேண்டாம் என்று தம்பியிடம் கையெழுத்து வாங்காத குறையாகச் சொல்லியிருக்கிறேன். தண்ணீரைக் குறைத்துத் திறந்தால் நெருப்பும் குறையும், சிலிண்டரும் தாங்கும். இல்லையா, கால் மணி நேரம் கழித்துக் குளி.

ஆனால் ரொம்பவும் குறைத்துத் திறந்தால் மிஷின் பற்றவே பற்றாது. நிமிஷத்துக்கு இரண்டு, இரண்டரை லிட்டராவது ஓடினால்தான் உள்ளே இருக்கும் சென்சார் விழிக்கும். கூரைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அது அசையவில்லை. 12 வோல்ட் பம்ப் போட்டோம். பம்ப் ஓடியதும் பாட்டரி ஒயரில் வோல்ட் இறங்கி மிஷின் டிக்டிக் என்று மட்டும் அடித்தது. ஒல்லி ஒயரை எடுத்துவிட்டுத் தடித்த ஒயர் போட்டதும் சரியாயிற்று. இதற்கு அரை நாள்.

அமெரிக்காவில் இந்தத் தொட்டியில்லா மிஷின்களைப் பற்றி ஒரு புகார் இருக்கிறதாம். ஷவரை நடுவில் நிறுத்தி சோப்புப் போட்டுவிட்டு மறுபடி திறந்தால், சூடு, அப்புறம் திடீரென்று ஒரு வீச்சு பச்சைத் தண்ணீர், மறுபடி சூடு. நடுவில் ஓடும் தண்ணீர் நெருப்புப் பற்றுவதற்கு முன் தாண்டிவிடுகிறது. தம்பி இதற்கு என்ன செய்யலாம் என்று பெரிதாக யோசித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாளியும் செம்பும் வாங்கி வைத்தேன். வாளியில் பிடித்துக் குளித்தால் பச்சையும் சூடும் தானே கலந்துவிடுகிறது, மூன்று நிமிஷத்தில் மிஷினும் நின்றுவிடுகிறது, தண்ணீரும் பாதிதான் செலவு. வண்டித் தொட்டியே 100 லிட்டர், அதில் நாலு பேர் குளிக்க வேண்டும். அவர்கள் புத்தகத்தில் குழாயில் தண்ணீர் உறைந்தால் என்ன செய்வது என்று பல பக்கம் எழுதியிருக்கிறது; வாளி பற்றி ஒரு வரி இல்லை. கிருஷ்ணகிரியில் சித்திரை மாதம் கூரைத் தொட்டிக் குழாயைத் திறந்தால் கையே வெந்துவிடும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நம் பக்கத்துத் தண்ணீர் இந்த மிஷினுக்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர் தண்ணீரில் பாத்திரம் வெளுத்துப் போவது நம் வீடுகளில் தெரிந்த சங்கதி. தர்மபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு என்பார்கள், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் குழாயை அடைப்பது ஃபுளோரைடு இல்லை, சுண்ணாம்பு. சூடான செப்புக் குழாயின் உட்பக்கம் அது பிடித்துக்கொண்டே போகும். ஒரு வருஷத்தில் தண்ணீர் ஓட்டம் குறைந்து மிஷின் பற்ற மறுத்தது. மளிகைக் கடையில் லெமன் சால்ட் வாங்கிக் கரைத்து, சின்னப் பம்பை வைத்து ஒரு மணி நேரம் சுற்றவிட்டோம். வெளியே வந்த தண்ணீர் மோர் மாதிரி இருந்தது. இப்போது வண்டித் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீர் மட்டும்.

அலாரம் இரண்டும் மாட்டியிருக்கிறோம். இதிலும் பலர் இடம் மாற்றி மாட்டுகிறார்கள். கேஸ் அலாரம் தரைக்குப் பக்கத்தில், ஏனென்றால் கசியும் கேஸ் கீழே தங்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கும் இடத்தில், தலை இருக்கும் உயரத்தில். சமீபத்தில் ஒரு வண்டி பார்த்தேன், இரண்டையும் அழகுக்காகக் கூரையில் ஜோடியாக மாட்டியிருந்தார்கள்.

வண்டியின் ஆர்.சி. புத்தகம் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, பதிவில் இருப்பதற்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. என் ஏற்காட்டு வண்டி இது எதிலும் சேர்த்தி இல்லாதது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இப்போது முறையாகச் சம்மதம் வாங்காத வண்டியில் கை வைப்பதில்லை. வேலை குறைந்துவிட்டது, பரவாயில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். அந்தப் படம் வந்த அதே பக்கத்தில், வீட்டு கேஸ் கீசரை வேன் குளியலறையில் மாட்டக்கூடாது என்று நாலு வரி போடுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே ஒருவர் எனக்குப் போன் செய்து, "அதே மாதிரி, அதே இடத்துல வெச்சுக் கொடுங்க, பேப்பர்லயே வந்திருக்கு" என்றார். அப்புறம், அந்தக் குடும்பத்தின் தொடர்பு உங்கள் நிருபரிடம் இருக்கும். இன்றைக்கே ஒரு போன் போட்டு, அடுத்த பயணத்துக்கு முன் அதைக் கழற்றச் சொல்லுங்கள். அவர்கள் காவேரிப்பட்டினம் பக்கம் வந்தால் கழற்றி, திருகு ஓட்டையை அடைத்துத் தருவது என் பொறுப்பு. கூலி வேண்டாம்.

என் பெயரைப் போட வேண்டாம். மயங்கி விழுந்த கதை பேப்பரில் வருவது வீட்டில் பிடிக்காது. ஓசூர்த் தம்பி அடுத்த வாரம் ஏற்காடு போகிறார், எங்களையும் கூட வரச் சொல்லியிருக்கிறார். மிஷின், அலாரம், குங்குமத் தண்ணீர் எல்லாவற்றையும் மனைவிக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் வெளியே மூணு கல்லு வெச்சு அண்டாவுல காய்ச்சிக்கிறேன்" என்றார். அண்டாவை வண்டியில் ஏற்றிவிட்டேன். விறகு அங்கே கிடைக்கும்.

இப்படிக்கு,
பாடி கட்டும் பட்டறைக்காரன்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.